மடக்குக் கத்திகள்: மூடி வைத்த பைக்குள்ளேயே துரு ஏறுகிறது, என்ன காரணம்?

நீலஅலகு (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஐம்பதுக்கு மேல் மடக்குக் கத்திகள் இருக்கின்றன. பாதி புதியவை: விஜி-10, எஸ்30வி, டி2 எஃகு. மீதி பழையவை: கார்பன் எஃகு அலகு, பித்தளை லைனர் (பிடியின் உட்பக்கத் தகடு), பிடி மட்டும் கொம்பு, எலும்பு, மரம், முத்துச்சிப்பி என்று பலவிதம். எல்லாவற்றையும் ஃபோம் வைத்த நான்கு ஜிப் பைகளில் போட்டு இரும்பு பீரோவில் வைத்திருக்கிறேன். தோல் உறை உள்ளவை உறையோடேயே இருக்கின்றன. எல்லா அலகுகளிலும் எண்ணெய் பூசியிருக்கிறது.

தொல்லை ஒரே ஒரு பையில்தான். கார்பன் எஃகில் துரு வந்தால் புரியும். ஆனால் இந்தப் பையில் ஸ்டெயின்லெஸ் அலகுகளிலும் கீலை ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் துரு, பித்தளையில் பச்சைக் களிம்பு. பையைத் திறந்தால் கற்பூரமும் புளிப்பும் கலந்த வாடை. அதே பீரோவில், அதே எண்ணெயோடு இருக்கும் மற்ற மூன்று பைகளும் சுத்தமாக இருக்கின்றன. தொல்லையுள்ள பையில் ஆமை ஓடு போலத் தேன் நிறத்தில், வெளிச்சம் ஊடுருவும் பிடி போட்ட பழைய கத்திகள் மூன்று உண்டு. ஒன்றின் பிடியில் மெல்லிய விரிசல்கள்.

காரணம் அந்த மூன்றுதானா? மொத்தச் சேகரிப்பையும் புதிதாக அடுக்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

சாணைக்கல்

காரணம் அந்த மூன்றுதான். வேறு எதையும் செய்வதற்கு முன் அவற்றை அந்தப் பையிலிருந்து எடுத்து விடுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் தேன் நிறப் பிடி செல்லுலாய்டு, அதாவது செல்லுலோஸ் நைட்ரேட். அதை வளையும்படி வைத்திருக்கச் சேர்ப்பது கற்பூரம். வாடையில் பாதி அதிலிருந்து வருகிறது. மற்றப் பாதிதான் ஆபத்தான பாதி. செல்லுலாய்டு வயதாக ஆக நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். அந்த அமிலம் மூன்று வேலை செய்கிறது: பக்கத்து எஃகை அரிக்கிறது, பித்தளையைப் பச்சையாக்குகிறது, செல்லுலாய்டையே இன்னும் வேகமாகச் சிதைக்கிறது. மூடிய பையில் வாயு வெளியேற வழியில்லாததால் சிதைவு தன்னைத்தானே முடுக்கிக்கொள்கிறது. எண்ணெய் பூசியும் துரு வந்ததற்கு விளக்கம் இதுதான். எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தாமதப்படுத்தும், அமில ஆவியை நிறுத்தாது.

ஒளி ஊடுருவும் நிறங்கள் முதலில் கெடுவதும் தற்செயல் அல்ல. வெள்ளை, தந்த நிறம் போன்ற மங்கலான செல்லுலாய்டில் நிறத்துக்காகத் துத்தநாக ஆக்சைடு கலந்திருப்பார்கள். கசியும் அமிலத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஆமை ஓட்டு நிறத்திலும் உடைந்த பனிக்கட்டி போலத் தோன்றும் வகைகளிலும் அந்தக் காப்பு இல்லை.

கெட ஆரம்பித்ததை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: பிடி மங்கும், பிசுபிசுக்கும், சுருங்கும். ரிவெட்டைச் சுற்றி விரிசல் விடும். முற்றியதில் உள்ளுக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடிப்பு தெரியும். அதற்கும் முன்னால் அறிகுறி உலோகத்தில் வரும். அலகு மடங்கி உட்காரும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி மட்டும் துருப் பிடித்து, வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருந்தால் குற்றவாளி பிடியேதான்.

சந்தேகமாக இருக்கும் பிடிக்கு ஒரு சோதனை உண்டு. நீல லிட்மஸ் தாளை வாலைவடிநீரில் லேசாக நனைத்து, கத்தியோடு ஒரு சின்ன ஜிப் கவரில், பிடியில் படாமல் ஒட்டி ஓர் இரவு வையுங்கள். கத்தி இல்லாத இன்னொரு கவரிலும் அதே தாளை வையுங்கள். கத்தி இருந்த கவரின் தாள் மட்டும் சிவந்தால் அமிலம் வருகிறது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய சோதனை வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு தீப்பற்றினால் மிக வேகமாக எரியும், காற்றில்லாமல்கூட எரியும்.

எடுத்த மூன்றையும் காற்று போகும், அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், அமிலமில்லாத தாளில் தளர்வாகச் சுற்றி, வெயிலும் விளக்குச் சூடும் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பை, காற்றுப் புகாத டப்பா இரண்டும் கூடாது. தோல் உறையோடும் கூடாது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம், ஒன்றின் ஆவி மற்றதைக் கெடுக்கும். விரிசல் விட்டதை மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அலகு அரிய வகை என்றால் பிடியை மட்டும் கழற்றி மாற்றித் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பிடி முழுதாகக் கெட்ட பின் அதைக் காப்பாற்றும் மருந்து எதுவும் இல்லை.

அந்தப் பையின் ஃபோமைத் தூக்கிப் போடுங்கள். கழுவினாலும் வெயிலில் காயவைத்தாலும் அது உறிஞ்சிய அமிலம் முழுதாகப் போகாது. பக்கத்தில் இருந்த மற்றக் கத்திகளை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் புது எண்ணெய் போடுங்கள். பழைய எண்ணெயின் மேல் புதியதைப் பூசினால் அடியில் அமிலம் அப்படியே தங்கிவிடும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், பலர் பயந்து கேட்பதுண்டு: இன்றைய விக்டோரினாக்ஸ் கத்திகளின் சிவப்புப் பிடி செல்லுலாய்டு அல்ல. அது செல்லிடார், செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட் வகை. அது இப்படி நைட்ரிக் அமிலம் விடாது. அசிட்டோன் பட்டால் மட்டும் உருகிவிடும், அதைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

உலர்காற்று

சாணைக்கல் சொன்னதோடு அந்தப் பையின் கதை முடிந்தது. மற்ற மூன்று பைகளைப் பற்றியும் பேச வேண்டும், அவையும் நீண்ட நாளைக்கு ஏற்றவை அல்ல.

ஜிப் பைகளில் வரும் மென்மையான ஃபோம் பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தாலும் ஆக்சிஜனாலும் அது சில வருடங்களில் பிசினாகும் அல்லது பொடியாக உதிரும். பிசினான ஃபோம் அலகில் ஒட்டினால் ஒட்டிய வடிவத்திலேயே கறை விழும். அதற்குப் பதில் பாலிஎத்திலீன் ஃபோம் வாங்குங்கள். விரலால் அமுக்கினால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. 10 மி.மீ. தாளில் கத்தியின் வடிவத்தை வரைந்து கூரிய பிளேடால் வெட்டி, அடியில் வெட்டாத 5 மி.மீ. தாள் ஒன்று போட்டால் தட்டு தயார். பெட்டிக்குப் பாலிப்ரொப்பிலீன் நல்லது. மூடியின் விளிம்பில் சிலிகான் ரப்பர் வளையம் உள்ள சமையலறை டப்பாவே போதும்.

கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பி.வி.சி. பைகள் பழசானால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும். எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை), துகள் பலகை, புதிய ஓக் மரம் ஆகியவை அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை விடும். கடையில் அழகாகத் தெரியும் கண்ணாடி மூடிக் காட்சிப் பெட்டிகளில் பல எம்.டி.எஃப்.-ல் செய்தவை, முதுகுப் பலகையைப் பாருங்கள். கம்பளி ஃபெல்ட்டிலும் ரப்பர் பேண்டிலும் கந்தகம் இருக்கிறது. வெள்ளி, நிக்கல் சில்வர் பட்டைகள் அதனால் கருக்கும். வாங்கும்போது கொடுத்த அட்டைப் பெட்டிகளைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் கத்தியை அதற்குள் வைக்காதீர்கள். மலிவான அட்டை அமிலத்தன்மை உள்ளது.

தோல் உறை தனிக் கதை. உறை சுமந்து செல்ல ஏற்றது, சேமிக்க ஏற்றதல்ல. தோலைப் பதப்படுத்திய டானின், உப்புகள், ஈரம் மூன்றும் அலகோடும் பித்தளையோடும் ஒட்டியே இருக்கும். தோலின் கொழுப்பு அமிலம் செம்பு உள்ள உலோகத்தோடு சேர்ந்து மெழுகு போன்ற பச்சைப் பொருளாகப் பிதுங்கி வரும். கத்தி வேறு, உறை வேறு என்று வையுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணைச் சீட்டில் எழுதி நூலால் கட்டினால் பிறகு குழப்பம் வராது.

இப்போது ஈரம். முதலில் ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள், வாங்கியதும் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பு போட்டு, சேறு போல நனையும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரையக் கூடாது. மானியோடு ஒரு ஜிப் கவரில் மூடி, வெப்பம் மாறாத இடத்தில் 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். அந்தக் கவருக்குள் ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும். மானி 79 காட்டினால் 4 கூடுதலாகக் காட்டுகிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டுங்கள். இதைச் செய்யாத மானியை நம்பி ஜெல் போடுவது வீண்.

எஃகுக்கு 50-க்குக் கீழே இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் துரு வேகம் பிடிக்கும், விரல் ரேகையின் உப்பு இருக்கும் இடத்தில் அதற்கும் முன்பே தொடங்கும். சிலிக்கா ஜெல்லுக்குப் பொதுக் கணக்கு, நன்றாக மூடும் பெட்டியில் 28 லிட்டருக்கு 35-40 கிராம். வீட்டு டப்பாக்கள் அவ்வளவு இறுக்கமில்லை, இரண்டு மடங்கு போடுங்கள். 10 லிட்டர் டப்பாவுக்கு 30 கிராம் போதும். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சு வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, உடலுக்குக் கேடானது. ஈரம் ஏறியதும் மணிகளைப் பையிலிருந்து தட்டில் கொட்டி, ஒன்றிரண்டு செ.மீ. கனத்துக்குப் பரப்பி, ஓவனில் 110-120 டிகிரியில் 2-3 மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். அதற்கு மேல் போனால் சாயம் கருகி நிறம் காட்டாமல் போகும்.

துருத் தடுப்பு ஆவி விடும் வி.சி.ஐ. தாளும் நல்லதே. மூடிய பெட்டியில் மட்டும் வேலை செய்யும், பிரித்த பின் ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டும். பித்தளை உள்ள கத்திகளுக்குப் பல உலோகங்களுக்கும் ஏற்றது என்று அச்சிட்ட வகையையே வாங்குங்கள். சில வகை ஆவியை ஜெல் உறிஞ்சிவிடும் என்பதால் ஒரே பெட்டியில் இரண்டையும் போடாமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரும்பு பீரோ திருட்டுக்கும் குழந்தைகள் கைக்கும் நல்லது. ஈரத்துக்கு அது ஒரு பாதுகாப்பும் இல்லை. வெளிச்சுவரில் ஒட்டி நிற்கிறதென்றால் ஒரு கையளவு தள்ளுங்கள். ஏ.சி. அறையில் வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 24 டிகிரி. 21 டிகிரியில் கிடந்த கத்தியை அந்தக் காற்றில் எடுத்தால் அலகில் உடனே நீர் படியும். டப்பாவை மூடியபடியே வெளியே கொண்டுவந்து, ஓரிரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

நீலஅலகு

மூன்றையும் தனியே எடுத்துவிட்டேன், ஃபோமும் குப்பைக்குப் போய்விட்டது. பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், சொன்னபடியே பிடிக்குள் மறையும் பகுதியில்தான் துரு. இரண்டு கேள்விகள் மிச்சம். வந்துவிட்ட புள்ளிகளை எப்படி எடுப்பது? அடுத்து, நீண்ட நாள் வைக்க எண்ணெயா, மெழுகா?

சாணைக்கல்

புள்ளியை எடுக்கும் முன் அது சிவப்பா கறுப்பா என்று பாருங்கள். சிவப்பு அல்லது ஆரஞ்சு, தொட்டால் பொடியாக வருவது என்றால் உயிருள்ள துரு, எடுக்க வேண்டும். பழைய கார்பன் அலகில் சாம்பலும் நீலமும் கறுப்பும் கலந்து ஒட்டியிருக்கும் படலம் அதன் வயது. அது ஓரளவு காப்பும் கூட. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கத்தியின் மதிப்பு குறையும், திரும்ப வராது.

கார்பன் அலகுக்கு: புள்ளியின் மேல் ஒரு சொட்டு மினரல் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மூங்கில் பல்குத்தும் குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி அதால் சுரண்டுங்கள். போகாவிட்டால் வெண்கல நார், அதுவும் எண்ணெயோடு, அலகின் தேய்ப்புக் கோடுகள் ஓடும் திசையிலேயே. 0000 என்ற மிக மெல்லிய எஃகு நார் கார்பன் அலகில் பயன்படுத்தலாம். ஸ்டெயின்லெஸ்ஸில் கூடாது. நாரின் இரும்புத் துகள் மேற்பரப்பில் பதிந்து அதுவே புதுத் துருப் புள்ளியாகும். கண்ணாடி போல மெருகேற்றிய அலகில் எந்த நாரும் கீறும், குச்சியோடும் பருத்தித் துணியோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். அமிலத்தால் பொறித்த எழுத்து உள்ள இடத்தில் மெருகுப் பசை போடாதீர்கள், முதலில் மறைவது எழுத்துதான். புள்ளி போன பின் தெரியும் குழி குழிதான். அதை மட்டமாக்க முயன்றால் அலகு மெலியும்.

கீலுக்குள் துரு என்றால் அலகைத் திறந்து மூடும்போது மணல் அரைபடுவது போலக் கையில் தெரியும். முதலில் பள்ளத்தில் சேர்ந்த பஞ்சையும் தூசியையும் குச்சியால் எடுங்கள். சட்டைப்பைப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஸ்பிரிங்கின் உள்முதுகில் துரு தொடங்குவது பெரும்பாலும் அதன் அடியில்தான். பிறகு கீலில் இருபக்கமும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய், பத்துப் பதினைந்து முறை திற, மூடு. கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ கசிவதைத் துடைத்து மறுபடி விடுங்கள். எண்ணெய் தெளிவாக வரும் வரை இதுதான் வேலை, ஐந்தாறு சுற்று ஆகலாம். கடைசியில் மிஞ்சிய எண்ணெயை உறிஞ்ச, கீலை ஒட்டி டிஷ்யூத் தாளை மடித்து வைத்து ஓர் இரவு விடுங்கள். எண்ணெய் மிகுந்தால் தூசி சேர்ந்து பசையாகும், மரம், எலும்புப் பிடிகளில் ஊறிக் கறை விடும்.

திருகு வைத்த புதிய கத்திகளைக் கழற்றித் துடைக்கலாம். திருகுகள் பெரும்பாலும் டி6, டி8 அளவு டார்க்ஸ் (நட்சத்திரக் குழி உள்ளவை). முனை தேய்ந்த திருப்புளி திருகின் தலையைக் கெடுக்கும், முனை முழுதாக உள்ளே உட்கார்ந்த பிறகே திருப்புங்கள். இறுகித் திரும்பவில்லை என்றால் திருகுப் பசை போட்டிருப்பார்கள். சூடான சால்டரிங் முனையைத் திருகுத் தலையில் அரை நிமிடம் வைத்தால் இளகும். ரிவெட் அடித்த பழைய கத்திகளைக் கழற்றவே கூடாது.

எண்ணெயா மெழுகா என்றால், எடுத்துப் பார்க்கும் கத்திக்கு எண்ணெய், எடுக்காமல் கிடக்கும் கத்திக்கு மெழுகு. உணவு வெட்டும் கத்திக்கு உணவுத்தர மினரல் எண்ணெய் அல்லது கமீலியா எண்ணெய். இவற்றில் துருத் தடுப்பு ரசாயனம் இல்லை, படலம் வழிந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சூரியகாந்தி, எள் போன்ற சமையல் எண்ணெய்கள் காற்றில் இறுகிப் பிசினாகும், கீலில் போனால் அலகு நகராது. டபிள்யூடி-40-இன் வழக்கமான வகை ஈரத்தை விரட்ட ஏற்றது. அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சும் படலம் மெல்லியது, சேமிப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

மெழுகில் நுண்படிக மெழுகு என்று கேளுங்கள். ரெனசான்ஸ் வேக்ஸ் அந்த வகை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950-களில் உருவாக்கப்பட்டது, இன்றும் அருங்காட்சியகங்களில் புழங்குகிறது. அலகை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை முழுதும் போக்குங்கள். எண்ணெயின் மேல் மெழுகு பிடிக்காது, இங்கேதான் பலருக்குக் காரியம் கெடுகிறது. விரலில் துணி சுற்றி, அரிசி அளவு மெழுகை அலகு முழுதும் இழுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, சுத்தமான பருத்தித் துணியால் தேய்த்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் மெழுகு மிகையான மெழுகு. இப்படி இரண்டு பூச்சு போட்டால் கையாளாத கத்திக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும். ஆனால் அதில் கரைப்பான் உண்டு, உணவு வெட்டும் கத்திக்குப் போட வேண்டாம். கீலுக்குள்ளும் மெழுகு வேண்டாம், அங்கே எண்ணெய்தான்.

எந்த அலகை முதலில் கவனிப்பது என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். 1095 போன்ற கார்பன் எஃகில் குரோமியம் பேருக்குக்கூட இல்லை, அது முதலில். அடுத்து டி2. அதில் ஏறக்குறைய 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, ஆனால் கார்பன் 1.5 சதவீதம் என்பதால் குரோமியத்தில் நல்ல பங்கு கார்பைடாகக் கட்டுண்டு போகிறது, துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. விஜி-10, எஸ்30வி பின்னால். ஒரே எஃகிலும் மணல் வீசி மங்கலாக்கிய அலகு, மெருகேற்றிய அலகைவிட முன்னால் துருப் பிடிக்கும். கரடான பரப்பில் வியர்வை உப்பு தங்கிவிடும்.

கொம்புப்பிடி

மேலே இரண்டு பேரும் சொன்னது அலகின் பக்கம் நின்று. எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. உலர்காற்று சொன்ன அளவு ஜெல்லை எல்லாப் பெட்டியிலும் போட்டால் கொம்பு, எலும்பு, மரப் பிடிகள் வெடிக்கும். புதிதாகச் சூடாக்கிய ஜெல் ஒரு சின்ன டப்பாவின் ஈரப்பதத்தை 20-க்கும் கீழே இறக்கிவிடும். மரம் சுருங்கும், ரிவெட் சுருங்காது, விரிசல் ரிவெட்டிலிருந்து ஓடும். இயற்கைப் பிடிகளுக்கு 45-50 வேண்டும், அதுவும் ஏறாமல் இறங்காமல். அளவைவிட ஏற்ற இறக்கமே அவற்றைக் கெடுக்கிறது.

ஆகவே கத்திகளை நிறுவனம் வாரியாகவோ ஊர் வாரியாகவோ பிரிக்காமல் பிடி வாரியாகப் பிரியுங்கள். ஜி10, மைகார்ட்டா (இரண்டும் துணி அடுக்கில் பிசின் ஊட்டி இறுக்கியவை), டைட்டானியம், அலுமினியம், இன்றைய பிளாஸ்டிக்குகள் ஒரு பெட்டி, அங்கே ஜெல்லைத் தாராளமாகப் போடலாம். கொம்பு, எலும்பு, மரம் ஒரு பெட்டி, அங்கே ஜெல் சிறிதளவு, மானியைப் பார்த்து 45-க்குக் கீழே போனால் ஜெல்லை எடுத்துவிட வேண்டும். அந்தப் பெட்டியின் அலகுகளை ஜெல் காப்பாற்றாது, மெழுகுதான் காப்பாற்றும். முத்துச்சிப்பி தனியாக. செல்லுலாய்டு வெளியே.

முத்துச்சிப்பி ஏன் தனி என்றால், அது கால்சியம் கார்பனேட். உலர்காற்று சொன்ன மரப்பலகை அமில ஆவி அதைத் தின்னும். மேலே வெள்ளைப் பொடி பூத்தாற்போல வரும். சிப்பி சேகரிப்பவர்கள் இதை பைன் நோய் என்பார்கள். 1899-இல் பைன் என்பவர் இதைப் பற்றி எழுதினார், அவர் கிருமி என்று நினைத்தார், உண்மையில் அது மரத்தின் அமிலம். எனவே முத்துச்சிப்பிப் பிடியை மரப் பெட்டியில் வைக்கவே கூடாது, காடி கலந்த எந்தச் சுத்திகரிப்பும் படக் கூடாது.

எருமைக் கொம்புக்கு வேறொரு எதிரி, பூச்சி. கொம்பு கெரட்டின், நகமும் முடியும் எதனால் ஆனதோ அதுவே. கம்பள வண்டின் புழு அதைத் தின்னும். பிடியின் மேல் ஒழுங்கற்ற சிறு பள்ளங்கள், ஃபோமில் மெல்லிய உமி போன்ற புழுத்தோல், இரண்டில் ஒன்று தெரிந்தாலும் பெட்டியைக் காலி செய்து எல்லாவற்றையும் துடையுங்கள். கம்பளித் துணியை அருகில் வைக்காமல் இருப்பதே பாதித் தடுப்பு. நாஃப்தலின் உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக் பிடிகளை இளக்கும்.

மரப் பிடிக்கு வருடம் ஒருமுறை மெழுகு போதும். காய்ந்து வெளுத்திருந்தால் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு, துணியில் தொட்டுத் தேய்த்து, அரை மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இதை முக்கியமாகச் சொல்கிறேன்: அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வெளியாகும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். விரித்துத் தொங்கவிட்டு விறைப்பாகக் காய்ந்த பிறகே போடுங்கள், அல்லது தண்ணீர் டப்பாவில் அமுக்குங்கள்.

மரப் பிடியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதும் கூடாது. ஓபினெல் போன்ற பீச் மரப் பிடி ஊதினால் அலகு கீலில் இறுகி, திறக்கவே வராது. அப்படி ஆனால் பலம் காட்ட வேண்டாம், காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் விட்டால் தானாக இளகும்.

நீலஅலகு

பிடி வாரியாகப் பிரிப்பது நினைத்தே பார்க்காத வழி, நன்றி. ஒரு கடைசிச் சந்தேகம். கத்திகளை முழுதாக மூடி வைப்பதா, ஸ்பிரிங் தளரட்டும் என்று பாதி திறந்து வைப்பதா? எண் ஒட்டும் ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது?

உலர்காற்று

முழுதாக மூடி வையுங்கள். பெரும்பாலான மடக்குக் கத்திகளில் ஸ்பிரிங் அதிகம் வளைவது திறக்கும் பாதையின் நடுவில்தான். பாதி திறந்து வைத்தால் ஓய்வு அல்ல, இழுவைதான். கை தவறிப் பட்டால் அலகு விரலில் சாத்திக்கொள்ளவும் செய்யும். மூடும்போது அலகை டப்பென்று விடாமல் விரல் நகத்தால் தாங்கி இறக்குங்கள். சில பழைய கத்திகளில் கருக்கு உள்ளே ஸ்பிரிங்கில் இடித்து அந்த இடத்தில் மடங்கும். மூடிய நிலையில் வெளிச்சத்தில் பிடித்து, கருக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள்.

ஸ்டிக்கரை எங்கும் ஒட்டாதீர்கள். பசை காய்ந்து கறை விடும், எடுக்கும்போது கொம்பின் மெருகையும் கூட்டிக்கொண்டு வரும். வெள்ளைப் பருத்தி நூலில் சீட்டுக் கட்டுங்கள், நூல் பிடியைச் சுற்றி, அலகில் படாமல். ஒவ்வொன்றுக்கும் நான்கு படம் எடுங்கள்: மூடியது இருபுறமும், திறந்தது ஒன்று, அலகின் அடியில் உள்ள முத்திரை அருகிலிருந்து ஒன்று. முத்திரைக்கு வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழ வேண்டும், நேர் வெளிச்சத்தில் எழுத்து தெரியாது. மூடிய நீளம், அலகின் நீளம், எஃகு, பிடி, வாங்கிய நாள், இப்போதைய குறைகள் எல்லாம் ஒரு தாளில். அந்தப் பட்டியலின் பிரதி வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் இருக்கட்டும். திருட்டோ தீயோ என்றால் காப்பீட்டுக்கும் புகாருக்கும் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.

வெளிச்சத்தில் காட்சிக்கு வைப்பதென்றால் நேர் வெயில் படாமல், எல்.இ.டி. விளக்கில், சில வாரம் மட்டும். சாயமேற்றிய எலும்புப் பிடி வெளுத்தால் திரும்ப நிறம் வராது.

கொம்புப்பிடி

ஒரு சின்னச் சேர்க்கை. பார்த்து முடித்துக் கத்தியை உள்ளே வைக்கும் கடைசி அசைவு, துடைப்பதாக இருக்கட்டும். எண்ணெய் தொட்ட பருத்தித் துணி ஒன்றை ஜிப் கவரில் போட்டுப் பெட்டிக்கு வெளியே, பக்கத்திலேயே வையுங்கள். வியர்வையின் உப்பு பட்ட கார்பன் அலகில் ஒரே நாளில் விரல் ரேகை செதுக்கியது போல விழுந்துவிடும். இரண்டு பக்கமும், முதுகும், நகக்குழியும். நகக்குழியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், திறக்கும்போது விரல் படுவதே அங்கேதான்.

நீலஅலகு

இன்றே நான்கு டப்பா, பாலிஎத்திலீன் ஃபோம், இரண்டு ஈரமானி எழுதிக்கொண்டேன். கொம்பு, மரப் பெட்டிக்கு ஒரு மானி நிரந்தரமாக உள்ளேயே இருக்கும், மற்றது சுற்றில். உப்புச் சோதனையை இரண்டுக்கும் சேர்த்து இன்று இரவே வைக்கிறேன்.